ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி: மொரீஷியஸ் பெண்களும் வீட்டு வன்முறையும்

கேள்வி இது: "மொரீஷியஸ் அமைதியான நாடு. தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, எல்லாரும் படித்திருக்கிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு. அப்படிப்பட்ட இடத்தில் பெண்களை அடிப்பதும் கொல்வதும் ஏன் திரும்பத் திரும்பச் செய்தியாகிறது? இது ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்த பழக்கமா, இல்லை நம் ஊரிலிருந்து போனவர்கள் கொண்டுபோனதா?"

இரண்டும் இல்லை. கணவரின் வேலைக்காக ஆறு வருடம் மொரீஷியஸின் ரோஸ் ஹில் பக்கத்தில் குடியிருந்தேன். இந்தக் கேள்வியின் பின்பாதியை அங்கேயே பலமுறை கேட்டிருக்கிறேன். இந்து வீடுகளில் ஆப்பிரிக்க வழிவந்தவர்களைப் பற்றி "கிரியோல்காரர்கள் குடித்துவிட்டு அடிப்பார்கள்" என்பார்கள். கிரியோல் வீடுகளில் "இந்தியர்கள் மனைவியைச் சொத்து மாதிரி வைத்திருப்பார்கள்" என்பார்கள். முஸ்லிம்களைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒன்று சொல்வார்கள். ஒவ்வொரு சமூகமும் அடியைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

நான் பார்த்த ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தத் தீவில் எந்தக் கிராமத்து வழியாகப் பஸ்ஸில் போனாலும் மொட்டை மாடிகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். 1960இல் கரோல் புயல் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு மக்கள் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். அந்தக் கம்பிகள் மகனுக்காக விட்டு வைத்தவை. மகனுக்குக் கல்யாணம் பேசினால் மேலே ஒரு தளம் எழும்பும். நிலம் மாமனார் பெயரில் இருக்கும், கடன் மகன் பெயரில் இருக்கும். கடனை அடைக்க மருமகளின் சம்பளமும் போகும். அவள் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இராது.

என் பக்கத்து வீட்டுப் பெண் அப்படியொரு மேல்தளத்தில்தான் இருந்தாள். தமிழ் வழிக் குடும்பம். பெயரில் தமிழ் உண்டு, கழுத்தில் தாலி உண்டு, காவடிக்கு விரதம் உண்டு. பேச்சு முழுக்கக் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவின் பொதுமொழி. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. என்னை "மிஸ்" என்று கூப்பிடுவாள். அங்கே ஜனவரி என்றால் கொளுத்தும் கோடை. அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு துணி காயப்போட்ட ஒரு நாளில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்கு முன்பும் இரவில் சத்தம் கேட்டிருக்கிறேன். டிவி என்று நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அவள் போலீசுக்குப் போனாள். "ஃபார்ம் 58" கொடுத்தார்கள். அடிபட்டவர் அந்தப் படிவத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தை டாக்டரிடம் பதிவு செய்துகொண்டு வரவேண்டும். பிறகு மாவட்ட நீதிமன்றம். குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் வந்தது, நல்ல சட்டம்தான். மூன்று விதமான ஆணை கேட்கலாம். கணவன் அடிக்கவோ மிரட்டவோ நெருங்கவோ கூடாது என்பது பாதுகாப்பு ஆணை. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவள் மட்டும் அங்கே வசிக்கலாம், அவன் வெளியேற வேண்டும் என்பது குடியிருப்பு ஆணை. வாடகை வீடானால் வாடகை உரிமையை அவள் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. அவசரமானால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தரலாம். ஆணையின் ஆயுள் அதிகபட்சம் 24 மாதம். மீறினால் குற்றம். பதிவுத் திருமணமா, கோயில் திருமணமா, கல்யாணமே இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே அதை எழுதியவர்களை நான் மதிக்கிறேன், ஏன் என்று பின்னால் வருகிறது.

அவளுக்குப் பாதுகாப்பு ஆணையும் குடியிருப்பு ஆணையும் கிடைத்தன. கணவன் வெளியே போனான். கீழ்த்தளத்தில் மாமனாரும் மாமியாரும் அப்படியே இருந்தார்கள். தெருவுக்குப் போக ஒரே கேட், மின்சாரத்துக்கு ஒரே மீட்டர், தண்ணீருக்கு ஒரே தொட்டி, அதன் வால்வு கீழே. இரண்டாம் வாரம் ஒரு காலையில் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். "ஆணை இருக்கு மிஸ், தண்ணி இல்ல" என்றாள். 2004இல் செய்த திருத்தத்தால் ஒரே கூரையின் கீழ் வாழும் மற்றவர்கள் மேலும் பாதுகாப்பு கேட்கலாம். சொன்னேன். எழுபது வயது மாமியார் மேல் எழுதிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் ஜன்னலருகில் உட்கார்ந்திருப்பாராம், ஒரு வார்த்தை பேச மாட்டாராம். மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் இரண்டு பைகளோடு 'லகாஸ் மமா'வுக்கு, அதாவது அம்மா வீட்டுக்கு, போய்விட்டாள். நீதிமன்றம் அவளுக்கென்று எழுதிக்கொடுத்த வீடு அவன் கைக்கே திரும்பிப் போயிற்று.

காலனி ஆட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெண்ணை ஒரு ஆணின் பெயருக்குக் கீழே எழுதுவது அந்தத் தீவில் முந்நூறு வருடத்து வழக்கம். அதை எழுதியவர்கள் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு ஆட்சியாளர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் 1715இல் தீவைப் பிடித்தார்கள். 1723இல் அடிமைச் சட்டம் வந்தது. மடகாஸ்கர், மொசாம்பிக் கரைகளிலிருந்தும், நம் பக்கத்திலிருந்தும்கூட, பிடித்துக் கொண்டுவந்த பெண்கள் தோட்டத்துச் சொத்துப் பட்டியலில் மாடு, வண்டி, பாத்திரத்தோடு விலை போட்டு எழுதப்பட்டார்கள். பிள்ளை தாயின் நிலையைச் சேரும் என்பது சட்டம். அடிமைப் பெண் யாருக்குப் பெற்றாலும், எஜமானுக்கே பெற்றாலும், பிள்ளையும் அடிமைதான். எஜமான் அவளைப் பலவந்தம் செய்தால் அதற்குப் பெயர் சொல்லக்கூட அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1810இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1835 பிப்ரவரி 1இல் அடிமைமுறை ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1839 வரை அதே தோட்டத்தில் அதே வேலை தொடர்ந்தது. நஷ்டஈடாகச் சுமார் 20 லட்சம் பவுண்டு போனது எஜமானர்களுக்கு. அந்தப் பெண்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அவர்கள் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1834 நவம்பர் 2இல் 'அட்லஸ்' கப்பலில் 36 பேரோடு தொடங்கி, அடுத்த முக்கால் நூற்றாண்டில் நாலரை லட்சம் பேருக்கு மேல் போர்ட் லூயியில் இறங்கினார்கள். 1849இல் கட்டிய அந்த இறங்குதுறை இன்று ஆப்ரவாசி காட் என்ற உலகப் பாரம்பரியச் சின்னம். கல் படிகள் பதினாறுதான். நின்று பார்த்தால் தொண்டை அடைக்கும். வந்தவர்களில் ஆண்களே மிக அதிகம். பெண்களில் பெரும்பாலோர் மனைவி, மகள் என்ற கணக்கிலேயே பதிவானார்கள். அந்தப் பதிவேடுகளும் புகைப்படங்களும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எண்ணும் கப்பல் பெயரும் எழுதிய பக்கங்களில் நம் ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம்.

ஊரில் தாலி கட்டியிருந்தாலும் அரசுப் பதிவு இல்லாவிட்டால் காலனிச் சட்டத்துக்கு அது கல்யாணம் இல்லை. அவள் மனைவி ஆகமாட்டாள், பிள்ளைக்கு வாரிசுரிமை வராது. 1997 சட்டம் எல்லா வகைக் கல்யாணத்தையும் ஏற்றதை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். மொரீஷியஸ் உட்பட கரும்புக் காலனிகள் பலவற்றில் மனைவியைக் கொன்ற வழக்குகள் வரும்போது, "இந்தியனின் பொறாமைக் குணம்" என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். பெண்களே போதாத முகாம்களில் ஆண்களை அடைத்தது யார், ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தது யார், கணவனை விட்டு ஓடும் பெண்ணுக்குப் போக்கிடமே இல்லாமல் செய்தது யார் என்பதெல்லாம் அறிக்கையில் வராது. "இது ஆப்பிரிக்கப் பழக்கமா, இந்தியப் பழக்கமா" என்று நாம் இன்று கேட்கும் கேள்வியும் அந்த அறிக்கைகளின் பிள்ளைதான். கேட்டவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

கரும்புத் தோட்டத்துப் பெண் வீட்டுக்கு வெளியிலும் அடி வாங்கினாள். 1943 செப்டம்பர் 27இல் பெல் வூ ஹாரெல் தோட்டத்தில் கூலிக்காகப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. நான்கு உயிர்கள் போயின. அதில் ஒருவர் அஞ்சலை குப்பன், அப்போது வயிற்றில் பிள்ளை. இன்று அங்கே பெரிய விளையாட்டரங்கம் அவர் பெயரில் நிற்கிறது. பந்தாட்டம் பார்க்கப் போகும் இளைஞர்கள் 'ஆன்ஜலே' என்று பிரெஞ்சு வாடையோடு சொல்வார்கள். அது நம் அஞ்சலைதான் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்கு வந்த தமிழ் வழி மாணவி ஒருத்தி வியந்துபோனாள். அவளுடைய பாட்டியின் பெயரும் அதுதானாம்.

இனி கல்யாணச் சட்டம். ஆங்கிலேயர் கொடியை மாற்றினார்கள், பிரெஞ்சுச் சட்டத்தை மாற்றவில்லை. நெப்போலியனின் 1804 குடிமைச் சட்டத் தொகுப்பு, "கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தரவேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்று எழுதியது. அந்த மரபில் கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணுக்கு மைனர். கணவன் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் செய்ய முடியாது, சொத்தை விற்க முடியாது. 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை அடைந்தது. இந்த நிலை அதற்குப் பின்னும் பத்து வருடத்துக்கு மேல் நீடித்து, 1980-81 திருத்தங்களில்தான் மாறியது. என் பக்கத்து வீட்டு மாமியார் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது அவரும் சட்டப்படி மைனர். ஜன்னலருகில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

விடுதலை பெற்ற அரசும் அதே பேனாவைத்தான் எடுத்தது. 1977இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மொரீஷியஸ் ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அவளுக்கு அங்கே வாழ உரிமை உண்டு. மொரீஷியஸ் பெண் வெளிநாட்டு ஆணை மணந்தால் அவன் அமைச்சரிடம் அனுமதி கேட்டு நிற்கவேண்டும், கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும். ஷிரின் ஓமருதீ-சிஃப்ரா என்ற வழக்கறிஞரும் இன்னும் 19 பெண்களும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். இருபது பேரில் மூவருக்குத்தான் வெளிநாட்டுக் கணவர். மற்ற பதினேழு பேர் கல்யாணமே ஆகாதவர்கள், இருந்தும் பெயர் கொடுத்தார்கள். 1981 ஏப்ரல் 9இல் அந்த மூவர் விஷயத்தில் குழு அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1983இல் சட்டம் மாறியது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. அரசியலமைப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவில் 'பால்' என்ற சொல் 1995இல்தான் சேர்ந்தது. அப்போதும் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை போன்ற தனிநபர் சட்ட விஷயங்களுக்கு விலக்கு இருந்தது. வீட்டு வாசல் வரைக்கும் வந்த சமத்துவத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதற்கிடையே வேலை வந்தது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்ததும் ஊருக்கு ஊர் பின்னலாடை ஆலைகள் முளைத்தன, எண்பதுகளில் பெண்கள் திரள் திரளாகப் போனார்கள். கையில் காசு வந்தது, உண்மை. அந்தத் தலைமுறைப் பெண்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: ஓவர்டைம் முடிந்து ஆலை வண்டி தாமதமாக இறக்கிவிட்ட இரவுகளில் "யாரோடு இருந்தாய்?" என்ற கேள்வியோடு அடி காத்திருக்கும், சம்பள நாளில் கேட்டிலேயே கணவன் நிற்பான். நாடு வாரியாக ஏற்றுமதி அளவை ஒதுக்கிய உலக ஜவுளி ஏற்பாடு 2005இல் முடிந்ததும் ஆலைகள் பல மூடின. வேலை போன பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியேறும் வழியும் சேர்ந்து போனது. இப்போது பல ஆலைகளில் வங்கதேசத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டியது. விடுதி அறையில் ஒரு மேற்பார்வையாளன் தொந்தரவு செய்தால் அந்தப் பெண் எங்கே போவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'மூவ்மா லிபேராஸ்யோன் ஃபாம்' என்ற பெண் விடுதலை இயக்கம் 1976இல் தொடங்கியது. அது ஆரம்பத்திலிருந்தே கிரியோலில் பேசியது, எழுதியது. அது சின்ன விஷயம் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், குடிமைச் சட்டத்தின் மொழி பிரெஞ்சு, அடி வாங்கியவளின் மொழி கிரியோல். அடிபட்ட பெண்களுக்கென்று தங்குமிடம் நடத்தும் 'எஸ்.ஓ.எஸ். ஃபாம்' 1989இல் வந்தது, அதாவது சட்டம் வருவதற்கு எட்டு வருடம் முன்பே.

நீதிமன்றத்துக்கு நானும் ஒருமுறை அவளோடு போனேன். நீளமான மர பெஞ்சுகள். சின்னத் தகராறு வழக்குகளுக்கு வந்தவர்களும் இவளைப் போன்றவர்களும் ஒரே தாழ்வாரத்தில். நான்கு பெஞ்சு தள்ளி அவள் கணவன், இஸ்திரி போட்ட சட்டையில். வக்கீல் கேட்ட ஆங்கிலக் கேள்வியைக் கிரியோலில் சொன்னார்கள். "லி பத் மொவா, மோ பேர்" என்றாள். அடிக்கிறான், பயமாக இருக்கிறது. ஐந்தே சொல். அது ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது எந்தத் தேதியில், எந்தப் பொருளால், எத்தனை முறை என்று கேள்வியாகி வந்தது. தேதி அவளுக்கு நினைவில் இல்லை. நினைவில் இருந்தது ஒரு கிறிஸ்துமஸ் வாரம், பிள்ளைக்குக் காய்ச்சல், குக்கரின் மூடி.

சட்டத்தின் ஓட்டைகளும் உண்டு. கணவன் மனைவியைப் பலவந்தம் செய்வதைத் தனிக் குற்றமாக எழுதக் குற்றவியல் சட்டத்தில் நேரான பிரிவு கிடையாது. 1997 சட்டம், செய்ய மறுக்க அவளுக்கு உரிமையுள்ள எதையும், உடலுறவு உட்பட, பலவந்தமாகச் செய்ய வைப்பது வன்முறை என்கிறது. அதற்குமேல் போகவில்லை. 2007இல் பாலியல் குற்றங்கள் மசோதா வந்தது, நாடாளுமன்றத் தேர்வுக் குழுவுக்குப் போனது, சட்டமாகாமல் நின்றுவிட்டது. 1838 குற்றவியல் தொகுப்பு கருக்கலைப்பை முழுக்கத் தடை செய்திருந்தது. 2012இல்தான் உயிராபத்து, சிசுவின் கடும் குறைபாடு, பலாத்காரம் போன்ற சில நிலைகளுக்கு அனுமதி வந்தது. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பமானால் போலீசில் புகார் இருக்கவேண்டும், 14 வாரத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. மாமனார் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் 14 வாரத்துக்குள் போலீஸ் நிலையம் போவது எவ்வளவு கடினம் என்று அந்த வரியை எழுதியவர்களுக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றும் கோபம் வரும். ஒன்றைப் பாராட்டவேண்டும்: 2020 சிறுவர் சட்டம் கல்யாண வயதை விலக்கு எதுவும் இல்லாமல் 18 ஆக்கியது. முன்பு பெற்றோர் சம்மதித்தால் 16இலேயே கட்டிக்கொடுக்க முடியும்.

இதற்கெல்லாம் மேலாகத் தீவின் சின்ன உருவம். மொத்தம் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நம் ஊரில் என்றால் சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போய் மறைந்துகொள்ளலாம், அங்கே அப்படி முடியாது. புகார் எழுதும் கான்ஸ்டபிள் அவனோடு பந்து விளையாடியவனாக இருப்பான், மருத்துவமனை நர்ஸ் நாத்தனாரின் சிநேகிதியாக இருப்பாள். ஊர்வம்புக்கு அங்கே 'லாதிலாஃபே' என்று பெயர். "கி திமூன் பு தீர்", அதாவது "நாலு பேர் என்ன சொல்வார்கள்", எல்லாச் சமூகத்து வாயிலும் உண்டு. அரசியலும் அந்த நாட்டில் சமூக வாரியாகத்தான் எண்ணும். தேர்தலில் இடம் நிரப்பும் முறையிலேயே இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்' என்று நான்கு பெட்டிகள் இருக்கின்றன. அப்படி எண்ணும் இடத்தில் ஒரு பெண் வாய் திறந்தால் தன் சமூகத்தின் மானத்தைத் தெருவில் போட்டவள் ஆகிறாள். கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வந்து, "நாம் சிறு எண்ணிக்கை அம்மா, நம் பெயர் கெடக்கூடாது" என்று சொன்னார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளை அவ்வளவு காயப்படுத்தியது.

மொரீஷியஸின் பெண்கள் என்று பேசும்போது சாகோஸ் பெண்களை விட்டுவிட்டால் பதில் முழுமையாகாது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் கட்டுவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையே அந்தத் தீவுகளின் மக்களை ஆங்கிலேயர் முழுக்க வெளியேற்றினார்கள். வளர்த்த நாய்களை விஷ வாயு வைத்துக் கொன்றார்கள். பலரைப் போர்ட் லூயியின் குடிசைப் பகுதிகளில் இறக்கிவிட்டார்கள். அங்கே தேங்காய் உரித்துத் தன் கூலியைத் தானே வாங்கிய பெண், இங்கே வீட்டு வேலைக்குக் கெஞ்சும் நிலைக்கு வந்தாள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தாலாத் போன்றவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 1981இல் தெருவில் இறங்கிய பெண்களைப் போலீஸ் அடித்தது, சிலரைச் சிறையில் வைத்தது. வந்த இடத்தில் ஏங்கிச் செத்தவர்களின் சாவுக்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒரே சொல், 'சாக்ரென்'. துக்கம் என்று அர்த்தம். வீட்டுக்குள் கணவன் ஓங்கிய கையையும் கரையில் ராணுவம் காட்டிய கையையும் நான் ஒன்றாகக் குழப்பவில்லை. இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை, அதைச் சொல்கிறேன்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு ஒன்று தருகிறேன். 2012இல் ஜெண்டர் லிங்க்ஸ் அமைப்பு செய்த ஆய்வில் மொரீஷியஸ் பெண்களில் 24 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவதொரு வகை வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதே முறையில் செய்த ஆய்வில் போட்ஸ்வானாவில் 67 சதவீதம். இதை வைத்து "அப்படியானால் மொரீஷியஸ் பரவாயில்லை" என்று அங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாலில் ஒரு பெண் என்பதே எனக்குப் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய கணக்கு இல்லை. தவிர, வீட்டு வாசலில் நின்று கேட்கும் அந்நியரிடம், பின்னறையில் மாமியார் இருக்கும்போது, என்ன பதில் வரும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்கவேண்டும். ஆண்களில் 23 சதவீதம் பேர் தாங்கள் செய்ததாக ஒத்துக்கொண்டார்கள். பெண்களின் கணக்கும் ஆண்களின் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறைப்பதற்கு அவர்களுக்கு அவசியமே தோன்றவில்லையோ என்னவோ.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அடிப்பவனும் அடிபடுபவளும் ஒரே தளத்தில் அடைபட்டார்கள். அந்த வருடக் கடைசியில் அரசு தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது, 'லெஸ்ப்வார்' என்று கைபேசிச் செயலியும் வந்தது. கிரியோலில் நம்பிக்கை என்று பொருள். பொத்தானை அழுத்தினால் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். 139 என்ற உதவி எண்ணும் உண்டு. இவை வேண்டியவைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கைபேசியைக் கணவன் வாங்கி வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு செயலி போய்ச் சேராது. வீட்டு மனையில் மருமகள் பெயரையும் எழுத வைப்பது, தனியாக வரும் பெண்ணுக்கு அரசுக் குடியிருப்பில் சீக்கிரம் இடம் தருவது, 24 மாதம் முடியும்போது ஆணை தானாகவே மறுபரிசீலனைக்கு வருவது, இப்படிப்பட்ட சலிப்பூட்டும் காகித வேலைகளில்தான் உயிர் பிழைக்கும் வழி இருக்கிறது என்பது நான் அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டது.

என் பக்கத்து வீட்டுப் பெண் பின்னர் அம்மா வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு ஊரில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்தாள். மின்சார பில் அவள் பெயரில் வந்தது. அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள், கீழே ஒன்றும் எழுதவில்லை. நாங்கள் தீவை விட்டுக் கிளம்பிய மாதம் அவளைப் பார்க்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அவளுடைய பாதுகாப்பு ஆணை அதற்கு ஒன்பது நாள் முன்பு காலாவதி ஆகியிருந்தது, புதிதாக விண்ணப்பித்துத் தேதிக்காகக் காத்திருந்தாள். நான் வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு பேர் முன்னால் அவள் கணவன் நின்றான், கையில் ஒரே ஒரு ரொட்டி. வேறு இரண்டு கவுன்ட்டர் காலியாக இருந்தன. அவன் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் ரொட்டியை மெஷினில் காட்டி, காசை வாங்கி, மிச்சத்தை அவன் கையில் படாமல் பலகைமேல் வைத்தாள். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனான்.